பாட்டு முடிந்த பிறகும் ஓடிய டேப்

41, ஹாலிஓக் சாலை,
சிட்கப், கென்ட்.
1973 அக்டோபர் 17, புதன்கிழமை.

உலகத்தின் அடிப்பக்கத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வாழும் என் அருமை அக்கா வினிஃப்ரெடுக்கும், அவளைத் தாங்கிக்கொண்டு வாழும் ஆர்தர் அத்தானுக்கும், தம்பி சிரில் பணிவோடு எழுதிக்கொண்டது. இவ்விடத்தில் நானும் ஐரிஸும் சௌக்கியம். கூண்டில் இருக்கும் பட்ஜி கிளி சௌக்கியம், அது பிறவியில் உங்கள் ஆஸ்திரேலியாக்காரன் என்பதால் உங்களைத் தனியாக விசாரித்தது. என் முதுகுவலி என்னைவிட சௌக்கியம். அவ்விடத்தில் நீயும், அத்தானும், அத்தான் தலையில் மிச்சமிருக்கும் முடிகளும் சௌக்கியமா என்று எழுதவும். முடிகளைப் பேர் சொல்லி விசாரிக்கலாம் என்றால் எண்ணிக்கை குறைவுதானே, ஒவ்வொன்றின் பெயரையும் எழுது.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் பேனா நகராது. எங்கள் பையன் மால்கம் போன வாரம் உனக்கு ஒரு நீல விமானத் தபால் எழுதினான். தபாலில் போடச் சொல்லி ஐரிஸ் அதை என் கையில் கொடுத்தாள். அதைக் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்தவன் நான்தான். மறுபடி ஒட்ட வீட்டில் பசை இல்லை, மைதா மாவைக் கரைத்து ஒட்டினேன். முதல் பூச்சு தண்ணீராகப் போனதால் இரண்டாவது பூச்சு பூச வேண்டியதாயிற்று. ஆகவே அந்தக் கடிதம் உன்னிடம் ஒரு அப்பம் மாதிரி வந்து சேர்ந்திருந்தால் உங்கள் ஊர்த் தபால்காரர்மேல் சந்தேகப்படாதே, அவர் நல்லவர்.

நான் பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பது உனக்குத் தெரியும், என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனவளே நீதான். இந்த முப்பது வருஷப் பால் வண்டி உத்தியோகத்தில் வீட்டுக்காரிகள் காலி பாட்டில் கழுத்தில் சுருட்டி வைக்கும் ‘இன்றைக்கு ரெண்டு பாட்டில் போதும்’ தவிர வேறு இலக்கியம் நான் படித்ததில்லை. அதனால் மால்கமின் கடிதத்தை உதட்டை அசைத்து அசைத்துப் படித்து முடிப்பதற்குள் ஒரு ஜாடி டீ ஆறிவிட்டது. நவம்பரில் தனக்குப் பதினாறு முடிகிறது, ஈஸ்டரோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிடலாம், அதற்குப் பிறகு அடிலெய்டுக்கு வந்து உன்னோடேயே இருந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறான். என்ன வேலையானாலும் செய்வானாம், ஆட்டுக்கு ரோமம் வெட்டக்கூடச் சம்மதமாம். அதற்குக் கீழே எழுதியிருந்தது இது: ‘அப்பா எல்லாவற்றையும் சிரிப்பாக்கிவிடுகிறார். நான் எது செய்தாலும் மறுநாள் காலை எட்டு மணிக்குள் நாலு தெருவுக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த வீட்டில் இனி என்னால் இருக்க முடியாது, அத்தை.’

அந்த வரியை மூன்று தரம் படித்தேன். எழுத்து புரியாததால் அல்ல.

உன் பதில் அவனுக்கு வருவதற்குள் என் பக்கத்து நியாயத்தையும் நீ கேட்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் பக்கத்தில் நியாயம் எவ்வளவு இருக்கிறது என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

நீ கப்பல் ஏறும்போது அவன் கால்சட்டைப் பையில் நத்தை வைத்துக்கொண்டு திரிந்த பயல். இப்போது ஆறடிக்கு இரண்டு அங்குலம் குறைவு, காற்றடித்தால் வளைவான். போன வருஷம்வரை எல்லாப் பையன்களையும் போலக் கால்பந்து, ரயில் எஞ்சின் நம்பர் குறிப்பது என்றுதான் இருந்தான். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் டெலிவிஷன் பாட்டு நிகழ்ச்சியில் ஒருத்தன் உடம்பு முழுக்க வெள்ளி ஜிகினா, கண்ணுக்குமேல் நீலச் சாயம், தோளில் இறகு என்று வந்து நின்றான். பெண்டாட்டி வெளியூர் போன சமயம் பார்த்து அவள் அலமாரியைத் திறந்துவிட்டான் போலிருக்கிறது என்றேன். ஐரிஸ் சிரித்தாள். மால்கம் சிரிக்கவில்லை. வாயைத் திறந்தபடி தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். சர்ச்சுக்குள்கூட அவன் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவன் முகத்தில் ஏதோ குறைகிறது, என்னவென்று பிடிபடவில்லை, முட்டைக்குக் கண்ணும் மூக்கும் வரைந்த மாதிரி இருக்கிறது. மாட்டிறைச்சிக்குக் குழம்பு ஊற்றும்போதுதான் கண்டுபிடித்தேன், என் சவரக்கத்தியால் இரண்டு புருவத்தையும் வழித்துவிட்டிருக்கிறான். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டிருக்கலாம். பெரிய மனிதர்கள் அப்படித்தான் செய்வார்கள். நானோ, ஐரிஸ், பையனோட புருவத்தைத் துவைக்கப் போட்டியா, நாளைக்குத் திங்கட்கிழமை, மத்தத் துணியோட சேர்த்துக் கொடியில போட்டுடு என்றேன். மறுநாள் காலையில் பால் போட்ட முதல் வீட்டிலேயே இதைச் சொன்னேன். பால்காரன் வாயில் ஒரு செய்தி இல்லாவிட்டால் ஜனங்களுக்குப் பால்மேலேயே சந்தேகம் வந்துவிடும், தொழில் அப்படி. ஆனால் நான் கடைசித் தெருவுக்குப் போவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே ஒரு அம்மாள், பையனுக்கு ஏதோ விஷக் காய்ச்சலாமே, முடியெல்லாம் கொட்டிவிட்டதாமே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கிண்ணம் ஜெல்லி கொடுத்தாள். ஜெல்லி நன்றாக இருந்தது.

அடுத்தது தலை. ஐரிஸ் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு எங்கள் சமையலறையில் வைத்தே சுருள்முடி போட்டுவிடுகிறவள் இல்லையா, அவளும் இதற்குக் கூட்டு. நான் டார்ட்ஸ் ஆடப் போன நேரம் பார்த்துப் பாத்திரத் தொட்டியில் தலையை நனைத்துச் சாயம் போட்டிருக்கிறார்கள். பெட்டியின் மேல் படத்தில் இருந்த பெண்ணுக்குச் செம்பு நிறம். தொட்டியிலிருந்து நிமிர்ந்த மால்கமுக்கு, சாலையில் ஜனங்கள் கடக்கிற இடத்தில் கம்பத்தின் மேல் விட்டு விட்டு எரியும் ஆரஞ்சு விளக்கின் நிறம். துண்டு, தலையணை, குளியல் தொட்டி எல்லாம் அதே நிறம். பள்ளிக்கூடத்தில் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். தலைமை ஆசிரியரைப் பார்க்க நான் பால்காரச் சீருடையோடே, அவனை அறை வாசலில் நிறுத்திவிட்டுப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் சமையல்கட்டு பின்பக்கம் என்று கையைக் காட்டினார். நான் தகப்பன் என்று சொன்ன பிறகு, தலை பழைய நிறத்துக்கு வரும்வரை பையன் வீட்டில் இருக்கட்டும் என்றார். நான் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னேன்:

“ஐயா, போன வருஷம் இவன் தலை பழுப்பா இருந்துச்சு, கணக்குல பதினொண்ணு வாங்கினான். இப்ப தலை இப்படி இருக்கு, முப்பத்தொம்பது வாங்கியிருக்கான். அவசரப்பட்டுக் கலரை மாத்தணுமா, யோசிங்க.”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தொப்பி போட்டுக்கொண்டு வகுப்புக்கு வரலாம் என்று விட்டுவிட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது மால்கம் என்னைக் கொஞ்சம் மெச்சுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “எல்லாத்தையும் ஏம்ப்பா ஜோக்கா ஆக்கறே?” என்றான்.

“ஜெயிச்சோம்ல?”

“நீ ஜெயிச்சே” என்றான்.

இனி பூட்ஸ் விஷயம், இதில் உனக்கும் பங்கு உண்டு. அந்தப் பாட்டுக்காரர்கள் எல்லாம் அரை அடி உயரத்துக்கு அடிப்பாகம் வைத்த பூட்ஸ் போடுகிறார்கள். கடையில் விலை கேட்டால் பால் வண்டியை விற்க வேண்டும். பையன் என்ன செய்தான், என் பழைய மழை பூட்ஸை எடுத்துக்கொண்டான். நீ எங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்தாயே, சூடான பாத்திரத்துக்கு அடியில் வைக்க நரி வேட்டைப் படம் போட்ட கார்க் தட்டுகள் பன்னிரண்டு, அதில் ஒரு காலுக்கு ஆறு வீதம் அடியில் ஒட்டி, சுடுநீர்க் குழாய்க்குப் பூசும் வெள்ளிப் பெயிண்டை இரண்டு கை அடித்துவிட்டான். குதிகால் பக்கம் உற்றுப் பார்த்தால் ஒரு வேட்டை நாயின் வால் தெரியும். இப்போது நாங்கள் சூடான பாத்திரத்தைச் செய்தித்தாள்மேல் வைத்துச் சாப்பிடுகிறோம், உருளைக்கிழங்கில் விளையாட்டுச் செய்தி ஒட்டிக்கொண்டு வருகிறது. அதைப் போட்டுக்கொண்டு அவன் நடைவழியில் நடந்து பழகும்போது தலை விளக்கில் இடிக்கும், கை சுவரைத் தேடும். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதாவது அன்றைக்குச் சொல்லவில்லை.

இதெல்லாம் முன்கதை. மெயின் கதை டேப்பில் இருக்கிறது. அவனுடைய பதினைந்தாவது பிறந்தநாளுக்கு ஒரு கேசட் மெஷின் வாங்கிக் கொடுத்தோம். வியாழக்கிழமை ஏழேகால் மணிக்கு அந்த நிகழ்ச்சி தொடங்கினால் டெலிவிஷனுக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டு அதன்மேல் மைக்கை நிறுத்தி வைப்பான். இங்கே பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் எல்லாம் இப்படித்தான் நடக்கிறது. அந்த அரை மணி நேரம் வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது. கதவு கிறீச்சிடக் கூடாது, டீக் கரண்டி சுற்றக் கூடாது. ஐரிஸ் ஒருமுறை தும்மலை அடக்கி அடக்கிக் காதடைத்து இரண்டு நாள் செவிடாகத் திரிந்தாள். என்னால் மட்டும் முடிவதில்லை, அக்கா. வாய் தானாகத் திறக்கிறது. ஒரு பாட்டின் நடுவில், ‘இவன் அம்மா இதைப் பாத்துக்கிட்டிருப்பாளோ, பாவம்’ என்று நான் இருக்கிறேன். இன்னொன்றில், ‘ஐரிஸ், உங்க அக்காவோட திரைச்சீலையைக் கிழிச்சு மாட்டியிருக்கான்’ என்று இருக்கிறேன். மால்கமிடம் இருபத்திரண்டு பாட்டு இருக்கிறது. இருபத்திரண்டிலும் நான் இருக்கிறேன்.

இந்த மாதம் ஆறாம் தேதி சனிக்கிழமை சர்ச் ஹாலில் இளைஞர் மன்றத்தின் திறமைப் போட்டி. மால்கம் பெயர் கொடுத்துவிட்டான். டேப்பை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, அதற்குத் தகுந்தபடி வாயசைத்து ஆட வேண்டும், டெலிவிஷனிலும் அவர்கள் அதைத்தான் செய்கிறார்களாம். பக்கத்து வீட்டு ஜேனட் பெண் மெஷின் பட்டனைத் தட்ட ஒப்புக்கொண்டாள். அவள் சனிக்கிழமைகளில் மருந்துக் கடையில் நிற்கிறவள், ஜிகினாப் பொடியும் அவள் உபயம். அவளைப் பார்த்தால் இவனுக்குக் காது சிவக்கிறது என்பதை நான் இன்னும் எந்த வீட்டிலும் சொல்லவில்லை, அதற்கு எனக்கு யாராவது பதக்கம் தர வேண்டும். ஆகவே அதற்கு முந்தின வியாழக்கிழமை ஒரு பாட்டாவது நான் இல்லாமல் வேண்டும் என்று கெஞ்சினான். சரி என்று நான் தோட்டத்து நிலக்கரிக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டேன். மழை. கொட்டகைக்குக் கூரை ஒழுகும். பாட்டு சுத்தமாகப் பதிந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் பயல் ஜேனட்டிடம் சொல்லப் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டான், மெஷினை நிறுத்த மறந்துவிட்டான். நான் நனைந்துகொண்டு உள்ளே வந்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது எனக்கும் தெரியாது, ஐரிஸுக்கும் தெரியாது.

சனிக்கிழமை ஹாலில் நூறு பேர் இருக்கும். நடுவர் எங்கள் பாதிரியார் பென்ரோஸ், முதல் வரிசையில் அவருடைய சம்சாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கடைசியில் டீ அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றேன். மால்கம் மேடைக்கு வந்தான். ஆரஞ்சுத் தலை, வெள்ளி பூட்ஸ், ஐரிஸின் பழைய பச்சைச் சாட்டின் ரவிக்கை, கண்ணைச் சுற்றி ஒரு ஜிகினா நட்சத்திரம். பின்வரிசைப் பையன்கள் பூனை மாதிரிக் கத்தினார்கள். பாட்டு ஆரம்பித்தது. அக்கா, நான் கேலிக்குச் சொல்லவில்லை, அந்தப் பயல் மாறிவிட்டான். வீட்டில் உப்புப் புட்டியைத் தட்டிவிடாமல் கை நீட்டத் தெரியாதவன், அங்கே ஒரு கையை நீட்டினால் ஹாலே அந்தப் பக்கம் திரும்பியது. பாதிப் பாட்டில் ஒரு தாவு தாவினான். வலது பூட்ஸ் அடியிலிருந்து நரி வேட்டை மொத்தமும் பிய்ந்து, ஆறு தட்டும் சீட்டுக் கட்டு மாதிரி மேடையில் வழுக்கி, ஒன்று பாதிரியார் காலடியில் போய் நின்றது. அவ்வளவுதான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் பயல் நிறுத்தவில்லை. ஒரு கால் உயரம், ஒரு கால் குட்டை, அப்படியே நொண்டி நொண்டி ஆடுகிறான், நொண்டல் தாளத்துக்கு விழுகிறது, இதுதான் புது ஸ்டைல் என்று நினைத்துப் பின்வரிசைப் பையன்களில் இரண்டு பேர் அதே மாதிரி நொண்டுகிறார்கள். பாட்டு முடிந்ததும் கைதட்டல் கூரையைத் தொட்டது. மால்கம் குனிந்து வணக்கம் சொன்னான். ஜேனட் பட்டனை நிறுத்த வேண்டியவள், இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஒலிபெருக்கியில் என் குரல் வந்தது.

“முடிஞ்சுதா அந்த ஓலம்? கொட்டகையில ஊறிப்போயிட்டேன்டி.”

ஹால் குபீரென்று சிரித்தது. இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். மால்கம் குனிந்தவன் குனிந்தபடியே நின்றான். குரல் நிற்கவில்லை. இவன் அந்தப் பூட்ஸில் நடப்பது அப்போதுதான் பிறந்த கன்றுக்குட்டி எழுந்து நிற்கப் பார்ப்பது மாதிரி இருக்கிறது என்றது. தாய்ப்பசு பின்னால் நின்று நக்கிக் கொடுத்தால் நேராகிவிடும் என்றது. ஐரிஸ் சிரிப்பது கேட்டது. அதோடு விட்டிருந்தால் நாங்கள் மட்டும் மானம் கெட்டிருப்போம். நாளைக்குப் பாதிரியாருக்கு க்ரீம் எடுத்து வைக்க மறக்கக் கூடாது என்று அந்த நாசமாய்ப் போன குரல் ஆரம்பித்தது. டாக்டர் சொல்லி அவர் சம்சாரம் வீட்டில் க்ரீமையே நிறுத்திவிட்டாள், இந்த மனுஷன் கல்லறைத் தோட்டத்துப் பக்கக் கதவில் சீட்டு வைத்து வாரம் மூன்று வாங்கி, நின்றபடியே பாட்டிலோடு குடிக்கிறார், மீசையில் இருந்ததை நானே பார்த்தேன் என்று சொல்லி முடித்த பிறகுதான் ஜேனட் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினாள். திருமதி பென்ரோஸ் திரும்பிப் புருஷனைப் பார்த்த பார்வையில் அண்டாவில் இருந்த பால் திரிந்திருக்கும்.

மால்கம் மேடையிலிருந்து என்னைத் தேடிப் பார்த்தான். கோபமாக இருந்திருந்தால் சமாளித்திருப்பேன், எனக்குக் கோபம் பழக்கம். அந்த நட்சத்திரம் கன்னத்தில் கரைந்து இறங்கிக்கொண்டிருந்தது. முதல் பரிசு, டீத் தாம்பாளத்தின் மேல் நின்று நடனமாடிய இரட்டைப் பெண்களுக்குப் போனது. மேடைத் தரையில் வெள்ளிப் பெயிண்ட் தடம் பதிந்துவிட்டதால் மால்கம் வந்து தேய்த்துக் கழுவ வேண்டும் என்று பாதிரியார் சீட்டு அனுப்பினார். பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை, சாயங்காலம் ஏழு மணி. தண்டனை க்ரீமுக்குத்தான், பூட்ஸுக்கு அல்ல என்பது ஊருக்கே தெரியும்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் பயல் என்னோடு பேசவில்லை. நானும் எந்த வாசலிலும் வாய் திறக்கவில்லை. இரண்டு வீட்டில், யார் தவறிப்போனார்கள் என்று விசாரித்தார்கள். அந்த வாரத்தில்தான் அவன் உனக்கு எழுதியதும், நான் கெட்டிலைப் போட்டதும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாடிப்படி ஏறினேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன். அவன் அறைக்குள்ளிருந்து நான் பேசிக்கொண்டிருந்தேன். அந்த டேப்பை அழித்துவிடலாம் என்று போட்டிருக்கிறான், ஹாலில் ஜேனட் ஒயரைப் பிடுங்கின இடத்துக்குப் பிறகும் அதில் மிச்சம் இருந்திருக்கிறது.

“சிரிக்காதே ஐரிஸ், கேளு. எனக்குப் பதினஞ்சு வயசுல, ரயிலடித் துணிக்கடை ஜன்னல்ல ஒரு மஞ்சள் டை தொங்கிச்சு. வாத்துக்குஞ்சு மஞ்சள். தினம் போய்ப் பாப்பேன். வாங்கக் காசும் சேர்த்து வச்சிருந்தேன். கட்டிக்கிட்டுத் தெருவுல நடந்தா என்ன சொல்வானுங்களோன்னு பயந்தே விட்டுட்டேன். இந்தப் பய புருவமே இல்லாம பஸ்ல போறான். எங்கேருந்துதான் வந்துச்சோ அந்தத் தைரியம். உன் பக்கமாத்தான் இருக்கணும்.”

கிளிக் என்று நின்றது. டேப் பின்னால் சுற்றும் சத்தம். மறுபடி மஞ்சள் டை. மறுபடி நின்று, சுற்றி, மறுபடி மஞ்சள் டை. எனக்குப் படியில் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. முடிவாக உள்ளேயிருந்து, “அப்பா, நீ படியில மூச்சு விடறது இங்கே கேக்குது” என்றான்.

உள்ளே போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். புருவம் கொஞ்சம் முளைத்திருந்தது, பென்சிலால் தொட்டு வைத்த மாதிரி. வாய் வரைக்கும் ஒரு வார்த்தை வந்தது, விழுங்கிவிட்டேன். நெஞ்சு எரிந்தது.

“அந்த டை என்ன ஆச்சு?” என்றான்.

“எவனோ வாங்கிட்டுப் போயிட்டான்.”

“இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?”

“டேப் ஓடுதுன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கும் சொல்லியிருக்க மாட்டேன்டா.”

சிரித்தான். மாதக்கணக்கில் என் எத்தனையோ ஜோக்குக்குச் சிரிக்காதவன், நான் ஜோக் சொல்லாத நேரம் பார்த்துச் சிரிக்கிறான். அந்தத் தைரியத்தில் நான், அடிலெய்டில் டெலிவிஷன் எல்லாம் எப்படியோ என்று இழுத்தேன். சிரிப்பு நின்றது. கெட்டிலையும் மாவையும் சொல்லிவிட்டேன்.

“போஸ்ட் பண்ணினியா?”

“பண்ணினேன்.”

“படிச்சிட்டுமா?”

“உன் கடிதாசிடா அது.”

முடிவு எதுவும் இல்லை, போகிறேன் என்றும் இல்லை, இருக்கிறேன் என்றும் இல்லை. ஆனால் இன்றைக்குக் காலை, நான் பால் வண்டியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும், கேசட் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தான். நாளைக்கு வியாழன், அவன் சர்ச் ஹாலில் முழங்கால் போட்டுத் தரை தேய்த்துக்கொண்டிருப்பான், அவனுக்கு உயிரான அந்தப் பாட்டுக்காரன் நாளைக்கு டெலிவிஷனில் வருகிறான். ஜேனட் வீட்டில் கொடுத்தால் வேலை முடிந்தது. என்னிடம் கொடுக்கிறான். “ஒரு வார்த்தை வரக் கூடாது. உன்னால முடியுதான்னு பாக்கறேன். அதுக்கப்புறம் அத்தைக்கு என்ன எழுதறதுன்னு முடிவு பண்றேன்” என்றான். சிவப்புப் பட்டனையும் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து அமுக்க வேண்டும் என்று இரண்டு தரம் காட்டிக் கொடுத்தான். அத்தனை பொறுமையாக எனக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை, நீ உட்பட.

ஆகவே அக்கா, கவலையை விடு. என்னைப் பற்றி உனக்குத் தெரியும், பேச்சில் தோற்றதில்லை, பேசாமல் இருப்பதில் மட்டும் தோற்பேனா. இன்று மத்தியானம் ஒத்திகை பார்த்தேன், அரை மணி நேரம் வாய் திறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், ஐரிஸ் பயந்துபோய் என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். பையன் இங்கேதான் இருப்பான். அவனுக்காக நீ கட்டில் கிட்டில் வாங்கியிருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு. அவன் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது வா என்றும் எழுதாதே, வராதே என்றும் எழுதாதே, உங்கள் ஊர் வெயிலைப் பற்றி எழுது.

உங்கள் மழைத்தொட்டி நிரம்பட்டும், உங்கள் ஆடுகள் இரட்டைக் குட்டி போடட்டும், அத்தானுக்குக் கடவுள் காது கொஞ்சம் மந்தமாகவே வைத்திருக்கட்டும், நீ பேசுகிறவள். ஐரிஸின் முத்தங்களையும் பட்ஜியின் ஒரு இறகையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

என்றும் உன் காதுத் திருகலுக்குப் பயந்த தம்பி,
சிரில் ஸ்டெட்மன்

பின்குறிப்பு. வியாழக்கிழமை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதுவது. கட்டிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், கொஞ்ச நாள் இருக்கட்டும். சாயங்காலம் ஆறு மணிக்கே ஐரிஸை அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். பட்ஜியைக் கூண்டோடு ஜேனட் வீட்டில் விட்டேன். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் குளியலறையில் போர்வைக்குள் வைத்தேன், ஃபிரிட்ஜை அணைத்தேன், பூட்ஸைக் கழற்றினேன். ஏழேகாலுக்குச் சற்று முன்னால் டெலிவிஷனில் யாரோ ஒருவர் விலைவாசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேச்சு டேப்பில் ஏறிவிடக் கூடாதே என்று டெலிவிஷன் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு இரண்டு பட்டனையும் அமுக்கினேன். பிறகு அரை மணி நேரம் அசையவில்லை. படம் மட்டும் ஓடியது. சத்தத்தை எல்லாம் மைக் இழுத்துக்கொள்கிறது என்று எடுத்துக்கொண்டேன். இந்த வாரப் பாட்டுகள் ஒன்றும் அவ்வளவு மோசமில்லை என்றும் தோன்றியது. எட்டரைக்கு மால்கம் வந்து டேப்பை முதலிலிருந்து கடைசிவரை போட்டுக் கேட்டான். அதில் என் சத்தம் ஒரு இடத்திலும் இல்லை என்பதை ஒப்புக்கொண்டான். வேறு சத்தமும் இல்லை.